எம்.எஃப். ஹுசைனை மறுபடியும் பார்ப்பது: காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் ஹுசைன் படம் ஒன்றை எடுத்து வைத்தால் போதும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். சிலருக்குக் கோபம், சிலருக்கு ஆர்வம், பலருக்கு இரண்டும். வாசலில் நின்றபடி அவசரமாகச் சொல்லும் பதில் இந்த விஷயத்துக்குப் போதாது என்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் எழுதி வைக்கிறேன். நான் அவருடைய பக்தன் இல்லை. ஆனால் படத்தைப் பார்க்காமலே அவரைத் திட்டுவதும், படத்தைப் பார்க்காமலே மேதை என்று கொண்டாடுவதும் எனக்கு ஒப்பவில்லை.

யார் இந்த ஹுசைன்? சுருக்கமா சொல்லுங்க.

மக்பூல் ஃபிதா ஹுசைன். 1915இல் மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரத்தில் பிறந்தார். ஆமாம், பாண்டுரங்கன் கோயில் இருக்கும் அதே பண்டரிபுரம்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார், வளர்ந்தது இந்தூரில். 1930களில் பம்பாய் போய் சினிமா பேனர் வரைந்து பிழைத்தார், அப்புறம் பொம்மைகளும் மேசை நாற்காலிகளும் வடிவமைக்கும் வேலை. 1947இல் சூசா, ரசா, ஆரா போன்றவர்கள் சேர்ந்த முற்போக்கு ஓவியர் குழுவில் இவரும் ஒருவர். பத்மஸ்ரீ, பத்மபூஷண், 1991இல் பத்மவிபூஷண், 1986இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி என்று அரசு மரியாதைகள் எல்லாம் வந்தன. 1996இலிருந்து எதிர்ப்பும் வழக்குகளும். 2006இல் நாட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. 2010இல் கத்தார் குடியுரிமை பெற்றார், 2011 ஜூன் 9ஆம் தேதி லண்டனில் இறந்தார், அங்கேயே பக்கத்தில் அடக்கமும் செய்தார்கள்.

மனுசன் போய்ச் சேர்ந்து இத்தனை வருசம் ஆச்சு. இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?

2025இல் ஒரே வருடத்துக்குள் மூன்று விஷயங்கள் நடந்தன. ஜனவரியில் டெல்லிக் காட்சியகம் ஒன்றில் இருந்த அவருடைய இரண்டு படங்களைப் பறிமுதல் செய்ய அங்குள்ள நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் அவருடைய 1954ஆம் ஆண்டுப் படம் ஒன்று 1.375 கோடி டாலருக்குப் போனது, நம் பணத்தில் சுமார் 118 கோடி ரூபாய். நவம்பரில் தோஹாவில் அவருக்கென்றே தனி அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒரு ஊரில் பறிமுதல், ஒரு ஊரில் சாதனை விலை, இன்னொரு ஊரில் தனிக் கட்டடம், எல்லாம் ஒரே ஆளுக்கு. இந்த மூன்றிலும் படத்தை யாராவது நின்று பார்த்தார்களா என்பதுதான் எனக்குக் கேள்வி. அதனால்தான் மறுபடி பேச வேண்டும் என்கிறேன்.

118 கோடிக்கு அந்தப் படத்துல அப்படி என்ன இருக்கு?

விலையைப் படத்தோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். விலை என்பது இரண்டு மூன்று பணக்காரர்களுக்குள் நடந்த போட்டி. ஆனால் படம் உண்மையிலேயே நல்ல படம். 'கிராம யாத்திரை' என்று பெயர். கிட்டத்தட்ட 14 அடி நீளம், 13 சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் கிராமத்து வாழ்க்கையின் ஒரு துண்டு. வேலை செய்யும் பெண்கள், குழந்தை, வண்டி, விவசாயி. உலக சுகாதார நிறுவன வேலையாக டெல்லியில் இருந்த, நார்வேயிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர் 1954இல் வாங்கிப் போனார், பிறகு அது ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனைச் சுவரில் பல பத்தாண்டுகள் தொங்கியது. சுதந்திரம் கிடைத்து ஏழே வருடத்தில், இந்த நாடு எப்படி இருக்கிறது என்று ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கட்டம் கட்டமாகச் சொல்லியிருக்கிறார். அலங்காரம் இல்லை, பச்சாதாபமும் இல்லை. அடுத்த வருடமே 'ஜமீன்' என்று இன்னும் நீளமாக ஒன்று வரைந்து தேசிய விருது வாங்கினார், அது டெல்லி தேசிய நவீன ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

அவரோட உண்மையான பலம் எது?

கோடு. அதுவும் பேனர் வரைந்து பழகிய கோடு.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். சினிமா பேனர் வரைகிறவர் சாரத்தின் மேல் நிற்கும்போது அவர் கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒரு கன்னத்தின் கால்வாசியோ ஒரு புருவமோதான், முழு முகமும் அவருக்குத் தெரியாது, ஆனால் தெருவின் அந்தக் கோடியில் நிற்பவனுக்கு அது சிவாஜியா எம்ஜிஆரா என்று ஒரு நொடியில் தெரிந்தாக வேண்டும். தயங்கினால் கோடு நடுங்கும், நடுங்கினால் கீழே இருந்து பார்க்கும்போது முகம் கோணிவிடும். அந்தத் தைரியத்தை ஹுசைன் எந்தப் பெரிய கான்வாஸுக்குப் போனாலும் கூடவே எடுத்துப் போனார். நமக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையாவும் சைன்போர்டு ஓவியராகத் தொழில் தொடங்கியவர்தான். அவர் சேர்த்த புத்தகங்களுக்காக உலகம் அவரை அறியும், ஆனால் கையில் தூரிகையோடு தொடங்கிய வாழ்க்கை அது. காரைக்குடி, தேவகோட்டைக் கடைத்தெருக்களில் போர்டு எழுதியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்! ஃப்ளெக்ஸ் வந்து அந்தக் கைகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஹுசைனைப் பற்றிப் பேசும்போது எனக்கு அவர்கள் ஞாபகம் வராமல் இருக்காது. பேனர் வரைகிறவனும் ஓவியன்தான் என்பதை இந்த நாட்டில் மறைக்காமல் சொல்லிக்கொண்டவர் அவர்.

பேனர் மட்டும் போதாது. 1948இல் டெல்லியில் நடந்த ஒரு பெரிய கண்காட்சியில் மதுரா, குப்தர் காலச் சிற்பங்களையும் ஜம்மு மலைப்பகுதியின் பசோலிச் சிற்றோவியங்களையும் பார்த்தார். உடம்பின் வளைவைச் சிற்பத்திலிருந்தும், தட்டையான கெட்டி வண்ணத்தைப் பசோலியிலிருந்தும் எடுத்துக்கொண்டார். 1956இல் வரைந்த 'சிலந்திக்கும் விளக்குக்கும் நடுவே' என்ற படத்தில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஐந்து பெண்கள், ஒரு விளக்கு, ஒருத்தி கையிலிருந்து நூலில் தொங்கும் சிலந்தி, மேலே யாராலும் படிக்க முடியாத எழுத்துகள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த யாரும் ஒரே பதில் சொன்னதில்லை. படம் என்னவோ மனதை விட்டுப் போகாது.

எங்க வீட்டுப் பட்டாலைல தொங்குற லட்சுமி படம்தான் எனக்குச் சாமி. இவர் வரைஞ்சதைப் பாத்தா சாமி மாதிரியே இல்லையே? (ஒரு ஆச்சி கேட்டது)

ஆச்சி, இது மிக நல்ல கேள்வி, பெரிய பெரிய கட்டுரைகளில்கூட இதை யாரும் நேராகக் கேட்பதில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் ரவி வர்மா அச்சுப் படம். அவர் 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து, ஜெர்மன் தொழில்நுட்பத்தில் சாமி படங்களை ஆயிரக்கணக்கில் அச்சடித்தார். நம் ஊர் நகரத்தார் கப்பலேறி வியாபாரம் செய்து சம்பாதித்து, பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கொண்டுவந்து வீடு கட்டிய அதே காலத்தில்தான் அந்தப் படங்களும் நம் வளவுகளுக்கு வந்து சேர்ந்தன. அதற்கு முன்னால் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் இந்த முகம் கிடையாது, இந்தச் சேலைக்கட்டு கிடையாது. ரவி வர்மா ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையைப் பழகி, பக்கத்து வீட்டுப் பெண் போல ஒரு தேவியைக் காட்டினார். பிறகு கோவில்பட்டி கொண்டைய ராஜு போன்றவர்கள் காலண்டரில் அதை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஆக, 'சாமின்னா இப்படித்தான் இருக்கும்' என்று நம் கண்ணுக்குப் பழகியது ஏறத்தாழ 130 வருடப் பழக்கம்.

ஹுசைன் அந்தப் பழக்கத்துக்குள் வரவில்லை. அவர் பார்த்தது அதற்கும் முந்திய கல்லையும் சிற்றோவியத்தையும். ஆகவே அவருடைய தேவி நமக்கு அந்நியமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. உங்களுக்குப் பிடிக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பட்டாலையில் இருக்கும் லட்சுமியை அவர் யாரிடமிருந்தும் எடுத்துப் போகவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்தச் சரஸ்வதி படத்துல என்னதான் பிரச்சனை? நடந்ததைச் சொல்லுங்க.

1970களில் வரைந்த கோட்டோவியம் அது. வீணையோடு உட்கார்ந்திருக்கும் சரஸ்வதி, ஆடை இல்லாமல். வண்ணம் கிடையாது, சில கோடுகள்தான். இருபது வருடம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1996இல் போபாலிலிருந்து வந்த ஒரு இந்திப் பத்திரிகை அதை எடுத்துப் போட்டு அவரைத் தாக்கி எழுதியது. அதிலிருந்து காவல் நிலையப் புகார்கள், வழக்குகள். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் அவருடைய ஓவியங்கள் இருந்த கூடத்துக்குள் பஜ்ரங்தளம் என்ற இந்துத்துவ அமைப்பின் ஆட்கள் புகுந்து நாசம் செய்தார்கள். 1998இல் மும்பை வீட்டுக்குள் புகுந்தார்கள். 2006இல் பாரத மாதா படம் வந்து சேர்ந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

அந்தக் கோட்டோவியம் அவருடைய சிறந்த வேலையா என்றால் இல்லை. ஒரு கை வேகமாகப் போட்ட கோடு, அவ்வளவுதான். அதை வைத்து ஒரு மனிதரின் அறுபது எழுபது வருட உழைப்பை அளப்பது நியாயமில்லை, அதைத் தூக்கிப்பிடித்து 'உன்னதக் கலை' என்பதும் நியாயமில்லை.

கோயில் சிற்பத்துலயே ஆடையில்லாம இருக்கே, அப்புறம் இவரை மட்டும் ஏன் திட்டணும்?

இந்த வாதத்தை ஹுசைன் ஆதரவாளர்கள் எப்போதும் சொல்வார்கள். உண்மையும் இருக்கிறது. இங்கிருந்து சித்தன்னவாசல் எவ்வளவு தூரம்? பாண்டியர் காலத்து அந்தக் குகைக் கோயிலின் தூணில் ஆடும் பெண்கள் இடுப்புக்கு மேல் நகை மட்டுமே அணிந்திருக்கிறார்கள். சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனியும் அப்படித்தான். அபிராமி அந்தாதி சொல்லும் அம்பிகையின் வருணனையைத் தெருவில் நின்று உரக்க அர்த்தம் சொன்னால் சிலருக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பூஜையில் பாடுகிறார்கள்.

ஆனால் இந்த வாதம் பாதி தூரம்தான் போகும். அந்தச் செப்புத் திருமேனிக்குக் கோயிலில் பட்டுச் சாத்துகிறோம். மாலை, நகை, சந்தனக்காப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் திரை விலகும். நம் பக்கத்து வீடுகளில் ரவி வர்மா அச்சுப் படத்தின் சேலைமேல் உண்மையான துணியும் சரிகையும் ஜிகினாவும் ஒட்டிக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? அதை ஒட்டிய பெண்களின் பெயர் எங்கேயும் இல்லை, ஆனால் அது அருமையான கலை என்பது என் எண்ணம். அச்சில் ஏற்கெனவே சேலை கட்டியிருக்கும் தேவிக்கு மேலும் ஒரு சேலை கட்டிவிடுகிறார்கள். நாம் சாமியை உடுத்திப் பார்க்கிற ஜனங்கள். உடுத்துவதுதான் நம் அன்பு.

சிற்பி உடம்பைச் செதுக்குவார், அர்ச்சகரும் பக்தரும் உடுத்துவார்கள். இரண்டு வேலையும் சேர்ந்துதான் தெய்வம் நம் முன் நிற்கிறது. ஹுசைன் சிற்பியின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அவர் வரைந்தது அவமதிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, சிற்பியின் வழியில் யோசித்தவர் அப்படித்தான் வரைவார். ஆனால் உடுத்திப் பழகியவருக்கு அதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது என்றால் அந்த வலியும் பொய்யில்லை. அதைக் 'கலை தெரியாதவர்கள்' என்று ஒதுக்கித் தள்ளியதுதான் நகரத்துக் கலை உலகம் செய்த பெரிய தவறு. கோபத்தை அரசியலாக்கியவர்கள் வேறு ஆட்கள், வலித்தவர்கள் வேறு ஆட்கள். இரண்டு பேரையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள்.

நம்ம ஊர்த் தமிழ்த்தாய் கோயில்ல இருக்குற தமிழ்த்தாயை அப்படி வரைஞ்சா நீங்க சும்மா இருப்பீங்களா சார்?

சும்மா இருக்கமாட்டேன், வருத்தப்படுவேன். எழுதுவேன், கண்டிப்பேன். வரைந்தவர் வீட்டுக் கதவை உடைக்கப் போகமாட்டேன், ஊர் ஊராக வழக்குப் போட்டு அவரை அலைய விடவும் மாட்டேன்.

இந்தக் கேள்வி வெறும் மடக்குக் கேள்வி இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். கம்பன் மணிமண்டப வளாகத்தில் நான்கு கைகளோடு உட்கார்ந்திருக்கும் தமிழ்த்தாயை, காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய சா. கணேசன் முயற்சியில் அமைத்தார்கள். மொழிக்கு உடம்பு கிடையாது, நாட்டுக்கும் கிடையாது. யாரோ ஒருவர் முதலில் ஒரு உருவம் கொடுக்கிறார். பாரத மாதாவுக்கு 1905இல் அவனீந்திரநாத் தாகூர் காவி உடையில் நான்கு கைகளோடு ஒரு உருவம் கொடுத்தார். எல்லோரும் கும்பிடும் உருவம் ஆனபிறகு அதை வேறு மாதிரி வரைவது சிக்கல்தான்.

ஹுசைனின் படம், சிவப்பு உடம்போடு ஒரு பெண், அவள் வளைந்து கிடப்பதே இந்திய வரைபடமாக, உடம்பில் இடப் பெயர்கள். 2006இல் காஷ்மீர் நிலநடுக்க நிவாரணத்துக்கான ஏலத்தில் வைத்தார்கள், அதற்கான விளம்பரம் ஒரு வார இதழில் வந்தது. பாரத மாதா என்ற பெயரை அவர் வைக்கவில்லை, படம் ஏற்கெனவே வேறு ஒருவருக்கு விற்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு வந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டார், ஏலத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த மன்னிப்பை ஏனோ யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

என் பார்வையில் அந்தப் படத்தில் ஒரு துக்கம் இருக்கிறது. தலைமுடிதான் இமயம், மடங்கிய உடம்பு களைத்துப் போயிருக்கிறது. அப்படிப் பார்க்க ஒருவருக்கு மனம் வரவில்லை என்றால் வற்புறுத்த முடியாது.

தன் மதத்தை அப்படி வரைவாரா அவர்?

வரையவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டாலே மதவெறி என்று சொல்வது தப்பு, பதில் சொல்லவேண்டிய கேள்விதான் இது.

இரண்டு விஷயம். இஸ்லாத்தில் புனிதர்களை உருவமாக வரைந்து வணங்கும் மரபே இல்லை, ஆகவே அவர் எடுத்துக் கையாள அங்கே ஒரு சிற்ப மரபு கிடையாது. நம்மிடம் இருந்தது, எடுத்தார். 1968இலிருந்து ஹைதராபாத்தில் ஒரு நண்பருக்காக ராமாயணப் படங்கள் வரைந்தார், சுமார் 150, ராம் மனோகர் லோகியா சொன்ன யோசனை அது. 1971இல் சாவோ பாவ்லோவில் பிக்காசோவோடு சிறப்பு விருந்தினராக அழைத்தபோது அவர் எடுத்துப்போனது மகாபாரதம். வெறுப்பு இருப்பவர் இத்தனை வருடம் இதைச் சுமந்துகொண்டு திரியமாட்டார்.

இரண்டாவது, அவர் சமூகத்திலிருந்தும் எதிர்ப்பு வந்திருக்கிறது. 2004இல் அவர் இயக்கிய 'மீனாக்‌ஷி' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வந்த ஒரு பாட்டில் குர்ஆன் சொற்கள் இருக்கின்றன என்று சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, படத்தை அவரே திரையரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார்.

இதற்கு மேலும் 'இல்லை, அவர் இரண்டு அளவுகோல் வைத்திருந்தார்' என்று உங்களுக்குத் தோன்றினால், அது ஒரு நியாயமான விமர்சனம், வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட் என்ன சொல்லுச்சு?

2008 மே 8ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அவர்மீதான வழக்குகளை ரத்து செய்தார். படம் ஆபாசம் ஆகாது என்றார், 90 வயதைத் தாண்டிய ஒருவர் தன் வீட்டில் இருந்து வரைய வேண்டும் என்ற பொருளில் வருத்தப்பட்டும் எழுதினார். அந்த வருடமே உச்ச நீதிமன்றமும் அவருக்கெதிரான மனுவை ஏற்கவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நீதிபதியைத் தெரிந்திருக்கும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் தீர்ப்புச் சொன்ன அமர்வில் இருந்தவர் அவரேதான். அந்த நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு ஹுசைன் விஷயம் ஏதோ வடநாட்டுத் தகராறு என்று தோன்றாது. ஒருவர் தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார், திரும்பி வந்து எழுதினார். இன்னொருவரால் திரும்பி வர முடியவில்லை.

அப்ப அவர்கிட்ட குறையே இல்லைங்கிறீங்களா?

இருக்கிறது, நிறைய. எனக்கு அவர்மேல் இருக்கும் பெரிய வருத்தம் சரஸ்வதி படத்தால் வந்ததில்லை, 1975ஆல் வந்தது. நெருக்கடி நிலை அறிவித்த அந்த வருடத்தில், பத்திரிகைகள் தணிக்கையில் இருக்க, தலைவர்கள் சிறையில் இருக்க, இவர் இந்திரா காந்தியைத் துர்க்கையாக வரைந்தார். தெய்வத்தை இறக்கினார் என்று அவரைத் திட்டுகிறவர்கள் ஒரு மனிதரைத் தெய்வமாக ஏற்றியதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என் கணக்கில் அவர் செய்த மிக மோசமான காரியம் அதுதான். அதிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் பணம். 100 படத்துக்கு 100 கோடி என்று 2004இல் ஒரு தொழிலதிபரோடு ஒப்பந்தம் போட்டார். அப்படித் தொழிற்சாலை போல வரைந்தால் என்ன ஆகும்? ஒரே குதிரை, ஒரே முகமில்லாப் பெண், வண்ணம் மட்டும் மாறும். 1990களுக்குப் பிறகு வந்ததில் பாதிக்கு மேல் அந்தக் கையின் பழக்கம் மட்டுமே இருக்கிறது, கண்ணின் வேலை இல்லை. முகம் வரையாத அன்னை தெரசா படங்கள் தொடக்கத்தில் உலுக்கும், அந்த வெள்ளைச் சேலைக்குள் இருக்கும் இருட்டு யாராலும் மறக்க முடியாதது, ஆனால் இருபதாவது முறை பார்க்கும்போது சலிப்பு வருகிறது.

அந்தக் குதிரை எங்கேயிருந்து வந்துச்சு?

மொகரம் ஊர்வலத்தில் சிறுவனாகப் பார்த்த துல்துல் குதிரையிலிருந்து, 1950களில் சீனா போனபோது பார்த்த தாங் காலக் குதிரைச் சிற்பங்களிலிருந்து. நம்முடைய அய்யனார் குதிரையை அவர் பார்த்தாரோ என்னவோ, நம் பிள்ளைகளுக்கு நான் அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சிவகங்கைச் சீமையில் புரவி எடுப்பு நடக்கும் ஊர்களில் குயவர்களான வேளார் செய்யும் மண்குதிரையின் கழுத்தைப் பாருங்கள், அதில் இருக்கும் திமிர் ஹுசைன் குதிரையிலும் இருக்கிறது. அந்த மண்குதிரைகளைப் பிறகு யாரும் பாதுகாப்பதில்லை, மழையில் கரைந்து போகின்றன, அடுத்த வருடம் புதிது. 1992இல் கொல்கத்தாவில் ஹுசைனும் அப்படி ஒன்று செய்தார். ஆறு தேவியரை மக்கள் பார்க்கப் பார்க்கப் பெரிய அளவில் வரைந்து, கடைசி நாளில் அத்தனையையும் வெள்ளை அடித்து அழித்தார். விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்டவர்கள் உண்டு. விழா முடிந்தபின் கரைப்பதை அறிந்த நமக்கு அது புரியும்.

நாட்டை விட்டுப் போனது கோழைத்தனம் இல்லையா?

90 வயது மனிதர். ஊர் ஊராக வழக்கு, தலைக்கு விலை, வீட்டில் தாக்குதல். இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது? கத்தார் குடியுரிமை வாங்கியது சிலருக்கு உறுத்துகிறது, கருத்துச் சுதந்திரத்தைத் தேடி மன்னராட்சி நாட்டுக்கா என்று கேட்கிறார்கள், கேட்கட்டும். கடைசி வருடங்களில் லண்டனில் இந்திய நாகரிகம் பற்றி ஒரு வரிசை வரைந்துகொண்டிருந்தார், மும்மூன்று பலகைகளாக எட்டு, கூடவே தொடக்கத்துக்கு ஒரு பிள்ளையார். 2014இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். வரிசை முடியுமுன் அவர் முடிந்துவிட்டார்.

தமிழ்நாட்டு ஓவியர்கள்மேல அவர் தாக்கம் உண்டா?

நேரடியாகப் பெரிதாக இல்லை, இருப்பதாகச் சொல்லிக்கொள்வதும் தேவையில்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது சென்னைக்கு என்று தனிக் கோட்டு மரபு உருவாகிவிட்டது. ஆதிமூலம் வரைந்த காந்தியை, அரசர்களை, சிறுபத்திரிகை அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு ஹுசைனிடமிருந்து வரவில்லை என்பது தெரியும். மதுரையின் ட்ராட்ஸ்கி மருது வழியும் வேறு.

ஹுசைனின் தாக்கம் வேறு இடத்தில். செருப்பில்லாமல் நடந்து, நீண்ட தூரிகையைக் கைத்தடி போலப் பிடித்து, சினிமா எடுத்து, மாதுரி தீட்சித்தைத் துரத்தி வரைந்து, ஓவியர் என்றால் யாரென்றே தெரியாத நாட்டில் ஒரு ஓவியரின் பெயரை டீக்கடை வரை கொண்டுவந்தார். ஓவியத்துக்கு விலை உண்டு என்று பெற்றோர் நம்ப ஆரம்பித்ததில் அவருக்குப் பங்கு இருக்கிறது. ஓவியனைப் பயமுறுத்தி ஓட வைக்க முடியும் என்று மற்றவர்கள் கற்றுக்கொண்டதும் அவர் விஷயத்தில்தான். இன்று சாமி படம் வரைய உட்காரும் ஒவ்வொரு இளம் ஓவியரும் தூரிகையைத் தொடுமுன் ஒரு நொடி தயங்குகிறார். அதைவிட ஆழமான தாக்கம் ஏதும் எனக்குத் தெரியவில்லை, அது அவர் விரும்பியதும் இல்லை.

முனீஸ்வரன் கோயில் தெருவுல ஹுசைன் படம் பாத்தேன், வாங்கலாமா?

பழைய பீங்கானும் தேக்குத் தூணும் ரவி வர்மா அச்சும் வாங்க நல்ல தெரு அது. ஹுசைன் விஷயத்தில் நிதானம் வேண்டும். இந்தியாவில் அதிகமாகப் போலி செய்யப்படும் ஓவியர்களில் அவரும் ஒருவர், கையெழுத்தை நம்பாதீர்கள். தேவநாகரி, உருது, ஆங்கிலம் எல்லாவற்றிலும் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், போலி செய்கிறவனுக்கு அது இன்னும் வசதி. பட்டுத்திரை அச்சில் வந்த பிரதிகள் என்றால் ஓரத்தில் பென்சிலில் எண் இருக்கும், மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது என்று. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற காகிதம் இல்லாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். கையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தால், ஜிகினா ஒட்டிய பழைய தேவி படம் ஒன்று வாங்குங்கள் என்பேன்.

பிள்ளைகளுக்கு இவரைக் காட்டலாமா? எங்க போய்ப் பாக்குறது?

காட்டலாம், காட்டவேண்டும். சர்ச்சையில் தொடங்காதீர்கள். 1950களின் படங்கள், குதிரை, விளக்கேந்திய பெண் என்று தொடங்கினால் எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் பிடிக்கும், வீட்டுக்குப் போய் அவர்களே வரைவார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வழக்கைப் பற்றியும் சொல்லுங்கள், மறைத்தால் போனில் பாதி உண்மையாகப் படித்துக்கொள்வார்கள். முதலில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போய்விட்டு அப்புறம் சொன்னால் இன்னும் நல்லது.

நேரில் பார்க்க நமக்குப் பக்கம் பெங்களூரு தேசிய நவீன ஓவியக்கூடம், அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகை. படங்களை மாற்றி மாற்றி வைப்பார்கள், போகுமுன் போன் செய்து ஹுசைன் படம் சுவரில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெல்லி போனால் 'ஜமீன்' பற்றி விசாரியுங்கள். அகமதாபாத்தில் கட்டடக் கலைஞர் தோஷி கட்டிய குகைக் கூடத்துக்குள் ஹுசைன் சுவரிலேயே வரைந்திருக்கிறார், வெளியே கூரை முழுக்க உடைந்த பீங்கான் ஓடு பதித்தது, தரை ஓட்டுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்காரர்கள் போனால் கூரையை விட்டு நகரமாட்டார்கள். வீட்டில் யாராவது கத்தாரில் வேலையில் இருந்தால், தோஹா கல்வி நகரத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கும் சொல்லச் சொல்லுங்கள்.